எண்ணெய் பாட்டிலுக்குக் கொடுத்த காசு திரும்ப வருமா?

கேள்வி: பிரசவம் கழிந்து நாலு மாதம் ஆகிறது. தலை வாரினால் சீப்பு நிறைய முடி. என் கணவருக்கோ 35 வயதிலேயே நெற்றி ஏறிக்கொண்டே போகிறது. ‘ஆண், பெண் இருவருக்கும் 90 நாளில் புதுமுடி, வளராவிட்டால் பணம் வாபஸ்’ என்று ஃபேஸ்புக்கில் பார்த்து 2,700 ரூபாய்க்கு மூன்று பாட்டில் மூலிகை எண்ணெய் வாங்கினோம். இப்போது போன் செய்தால் எடுப்பதில்லை. என்ன செய்யலாம்? (வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: முதலில் முடியைப் பார்ப்போம், அப்புறம் பணம்.

இரண்டு பேருக்கும் முடி கொட்டுகிறது, ஆனால் காரணம் வேறு வேறு. கர்ப்ப காலத்தில் உதிராமல் நின்ற முடியெல்லாம் பிரசவம் முடிந்து இரண்டு முதல் நான்கு மாதத்தில் மொத்தமாக உதிரும். குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலும் பழையபடி வந்துவிடும். டெங்கு, டைபாய்டு போலக் கடுமையான காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கும் இதேதான். காய்ச்சல் விட்ட இரண்டு மூன்று மாதத்தில் கொட்டும், பிறகு தானாக வளரும். எண்ணெய் வியாபாரிக்கு இவர்களைவிட நல்ல விளம்பரம் கிடையாது. தேய்த்தாலும் தேய்க்காவிட்டாலும் வளரப்போகிற முடிக்குப் பாட்டில் பேர் வாங்கிக்கொள்ளும். நீங்களே இன்னும் ஆறு மாதத்தில் பக்கத்து வீட்டுக்கு அந்த எண்ணெயைச் சிபாரிசு செய்தாலும் ஆச்சரியமில்லை.

ஒரு வருடம் ஆகியும் கொட்டுவது நிற்காவிட்டால், அல்லது வகிடு அகலமாகிக்கொண்டே போனால், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகை, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி இவையெல்லாம் பெண்களுக்கு முடி கொட்ட வைக்கும். எண்ணெய்க்குக் கொடுத்த பணத்தை இந்தப் பரிசோதனைகளுக்குச் செலவழித்திருந்தால் உபயோகமாக இருந்திருக்கும்.

உங்கள் கணவருக்கு வந்திருப்பது பரம்பரை வழுக்கை போலத் தெரிகிறது. டிஹெச்டி என்ற ஹார்மோன் முடியின் வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிவிடுகிறது. கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சினாலும் சரி, செம்பருத்தி போட்டாலும் சரி, எண்ணெய் அதைத் தடுக்காது. (எண்ணெயே வேண்டாம் என்று சொல்லவில்லை. தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லிவிட்டு நான் வீடு போய்ச் சேர முடியாது. முடி உடையாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் நல்லதுதான்.)

பரம்பரை வழுக்கைக்குப் பலன் நிரூபிக்கப்பட்ட மருந்துகள் குறைவு. தலையில் தடவும் மினாக்ஸிடில் ஒன்று, ஆண்கள் சாப்பிடும் ஃபினாஸ்டரைடு மாத்திரை இன்னொன்று. மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. மினாக்ஸிடில் தொடங்கிய முதல் சில வாரம் முடி கூடுதலாகக் கொட்டலாம். பலர் பயந்து அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நாலு முதல் ஆறு மாதம் விடாமல் போட்டுப் பார்த்தால்தான் பலன் தெரியும். நிறுத்தினால் வளர்ந்ததும் போய்விடும். ஒரு வேளைக்கு 1 மில்லி, இரண்டு வேளை என்றால் 60 மில்லி பாட்டில் ஒரு மாதத்துக்குத்தான் வரும். மாதாமாதம் அந்தச் செலவு கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட்டுவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். நீங்கள் பால் கொடுக்கிறவர் என்பதால் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

இனி அந்த 2,700 ரூபாய். வழுக்கையைக் குணப்படுத்தும் என்று எந்த மருந்தும் உரிமை கோரக் கூடாது என்பது மருந்து மற்றும் அழகுசாதன விதிகளில் உள்ளது. அந்த விதிகளின் ‘ஜே’ அட்டவணையில் வழுக்கையின் பேரே இருக்கிறது. அதனால் விளம்பரத்தை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு அது இருக்காது. பார்சல் கவரைத் தூக்கிப் போடவில்லையே? அனுப்பியவர் முகவரி அதில்தான் இருக்கும். பாட்டிலில் லைசென்ஸ் எண், பேட்ச் எண் உண்டா என்று பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். பணம் கொடுத்த ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் சேரட்டும்.

அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். பல சின்ன விற்பனையாளர்கள் இதிலேயே இறங்கி வந்துவிடுவார்கள். வராவிட்டால் பணத்தைத் திருப்பித் தரக் கேட்டுப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், பிறகு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவன் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கொடுத்த பெரிய வசதி இது. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இவ்வளவு சின்னத் தொகைக்கா என்று தயங்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் திருச்சூரில் ஒருவர் ஹேர் கிரீம் விளம்பரத்தை நம்பி ஏமாந்து வழக்குப் போட்டார். கம்பெனிக்கும் விளம்பரத்தில் வந்த நடிகருக்கும் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விழுந்தது. தான் அம்மா காய்ச்சிய எண்ணெயைத்தான் தேய்ப்பதாக அந்த நடிகரே விசாரணையில் சொன்னார்!

கேள்வி: துபாயில் வேலை. அங்குள்ள தண்ணீரால் முடி போகிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஷவரில் மாட்டும் ஃபில்டர் வாங்கலாமா? (வாசகர், குளச்சல்)

பதில்: தண்ணீர் சரியில்லை என்றால் முடி வறண்டு உடையலாம், வேரோடு வழுக்கை விழாது. கொட்டிய முடியின் நுனியில் வெள்ளையாகச் சின்ன முண்டு இருந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்தது, உடைந்தது அல்ல. அதற்கு ஃபில்டர் பதிலாகாது. அப்பா, மாமா தலையையும் ஒரு தடவை பாருங்கள்.

கேள்வி: முடி நடும் ஆபரேஷனுக்கு ‘இன்று முன்பணம் கட்டினால் பாதி விலை’ என்கிறார்கள். கட்டலாமா? (வாசகர், தக்கலை)

பதில்: இன்று கட்டாதீர்கள். ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரின் பெயரையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். உங்களிடம் பேசுகிற ‘கவுன்சிலர்’ (ஆலோசனை சொல்கிற ஊழியர்) டாக்டர் இல்லை. பயிற்சி வகுப்பும் யூடியூபும் மட்டும் பார்த்து இதைச் செய்ய முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. எத்தனை கிராஃப்ட் (எடுத்து நடும் சின்ன முடிக்கொத்து), ஒன்றுக்கு எவ்வளவு, பின்னால் சாப்பிட வேண்டிய மருந்துக்கு எவ்வளவு என்று கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.