அவளுக்கு என்ன இருக்கு, எனக்கு என்ன இல்ல

அக்கா,

நாலு வருஷம் லவ் பண்ணோம். பிரேக்கப் ஆகி ரெண்டே மாசத்துல அவன் வேற ஒரு பொண்ணோட போட்டோ போட்டுட்டான். நான் அவள விட படிச்சிருக்கேன், நல்லா சம்பாதிக்கிறேன், பாத்தவங்க எல்லாம் நீதான் அழகுன்னு சொல்றாங்க. என் வேல்யூ எனக்கு தெரியும்க்கா. ஆனாலும் டெய்லி அவங்க போட்டோவ பாத்துட்டுதான் தூங்குறேன். அவனுக்கு பிடிக்காதுன்னு விட்ட வயலின மறுபடி எடுத்தேன், அதுவும் சரியா வரல. என்ன பண்ணட்டும்?

(பேர் வேண்டாம்)

அக்கான்னு கூப்ட்டுட்ட, அதனால நீ வா போன்னே எழுதுறேன், கோச்சுக்காத.

படிப்பு, சம்பளம், அழகு, மூணுலயும் நீதான் ஃபர்ஸ்ட், சரி ஒத்துக்குறேன். ஆனா பேப்பர் திருத்துறது யாரு? இன்னும் அவன்தானே. நீ மார்க் ஷீட்ட நீட்டிக்கிட்டே நிக்கிற, அவன் அந்த ரூம விட்டே எழுந்து போயிட்டான். நாளைக்கே உன்ன விட படிச்சவ, உன்ன விட அழகானவ ஒருத்தி அவன் பக்கத்துல வந்து நின்னா என்ன பண்ணுவ, அன்னைக்கு உன் வேல்யூ குறைஞ்சிடுமா? இந்த கணக்கு அப்படித்தான் சொல்லும், அதான் எனக்கு இந்த கணக்கே பிடிக்கல. அந்த பொண்ணு வேற பாவம், உன்கூட ஒரு போட்டியில இருக்கோம்னே அவளுக்கு தெரியாது.

போட்டோ பாக்குறத பத்தி ஒண்ணு. 2011ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஆறு மாசத்துக்குள்ள பிரேக்கப் ஆன 40 பேர ஸ்கேன்ல படுக்க வெச்சு, விட்டுட்டு போனவங்க போட்டோவ காட்டுனாங்க, தனியா கையில சூடும் வெச்சு பாத்தாங்க. உடம்பு வலிக்கு வேலை செய்யுற மூளையோட சில பகுதிங்க போட்டோவுக்கும் வேலை செஞ்சுது. அதனால வலிக்குதுன்னு உன்ன நீயே திட்டிக்காத, நெஜமாவே வலிக்கும். ஆனா தெனமும் தூங்கப் போறதுக்கு முன்னாடி நீயே போயி சூடு வெச்சுக்கிற, அத சொல்லணும்ல. நானும் ஒரு காலத்துல இத பண்ணவதான், அதுல என்ன கெடைக்கும்னு தேடுனேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு தெரியல. மியூட் பண்ணு, பிளாக் பண்ணு, எது முடியுதோ.

உன் லெட்டர்லயே எனக்கு பிடிச்சது அந்த வயலின் வரிதான், அத நீ போற போக்குல, ஏதோ குறை சொல்ற மாதிரி எழுதிட்டு போயிட்ட. நாலு வருஷம் தொடாம வெச்சா சரியா வராதுதான், தந்தி மாத்தணும், விரல் நுனி மறுபடி காய்க்கணும், கொஞ்ச நாளைக்கு கேக்கவே சகிக்காது. மத்ததுக்கெல்லாம் பக்கத்துல அவளையும் வெச்சு எழுதிருக்க, இதுக்கு மட்டும் வெக்கல, கவனிச்சியா?

எங்க தட்டுது, வில்லுலயா விரல்லயா? அடுத்த லெட்டர்ல அத எழுது. அவங்க ரெண்டு பேர பத்தி வேண்டாம், எனக்கு அவங்கள தெரியாது.