இசைக் கேள்வி-பதில்: டிம்பானிக்கு எந்தக் குச்சி?

? எங்கள் பள்ளி இசைக்குழுவில் 26, 29 அங்குல டிம்பானிகள் (கிண்ண வடிவப் பெரிய முரசுகள்) இருக்கின்றன. பீத்தோவனின் 9-ஆம் சிம்ஃபனியில் இரண்டாம் பகுதியை எடுத்திருக்கிறோம். அடிகள் தனித்தனியாக விழாமல் கொழகொழவென்று கேட்கின்றன. தலையில் கெட்டி ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) போர்த்திய குச்சி வாங்கினால் சரியாகுமா?
– வாசகர், ஏற்காடு

பாதி சரியாகும். மீதியைக் குச்சியால் சரிசெய்ய முடியாது.

அந்தப் பகுதிக்கு இரண்டு டிம்பானிகளையும் ஒரு ஸ்தாயி விலக்கி, மேல் எஃப் (F) சுரம், கீழ் எஃப் சுரம் என்று சுருதி வைக்க வேண்டும். 26 அங்குலத்தில் மேல் எஃப் கிட்டத்தட்ட உச்சம்; தோல் விறைத்து நிற்கும். 29-இல் கீழ் எஃப் அடிமட்டம், தோல் தொய்ந்துபோகும். குழப்பம் பெரும்பாலும் இந்தத் தொய்ந்த தோலில்தான். 32 அங்குலம் இரவல் கிடைத்தால் கீழ் எஃப்பை அதற்கு மாற்றிவிடுங்கள். கிடைக்காவிட்டால் கெட்டிக் குச்சி கைகொடுக்கும்.

காரணம் எளிது. மெத்தென்ற ஃபெல்ட் தோலில் சற்றுக் கூடுதல் நேரம் ஒட்டியிருந்து, மேல் அதிர்வுகளை அதுவே அமுக்கிவிடுகிறது. கெட்டி ஃபெல்ட் பட்டதும் விலகிவிடும். அடியின் முனை தெளிவாகக் கேட்கும். ஆனால் அளவு மீறினால் 'டக்' மட்டும் மிஞ்சும், சுருதி காணாமல் போகும். தவில் குச்சிபோல வெறும் மரத்தால் அடித்தால் பிளாஸ்டிக் தோலில் குழி விழவும் கூடும்.

வாங்கும்போது 'ஹார்டு', 'ஸ்டாக்காட்டோ' என்ற பெயர்களை நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் 'ஹார்டு' இன்னொன்றில் 'மீடியம்' ஆக இருக்கும். உள்ளே மரக்கட்டை, மேலே சுமார் 3 மி.மீ. அடர்த்தியான கம்பளி ஃபெல்ட் என்பது நல்ல தொடக்கம். கட்டைவிரலால் அழுத்தினால் சற்றே அமுங்க வேண்டும். மரம் கையில் தட்டுப்பட்டால் வேண்டாம். தையல் உள்ள குச்சியானால் தையல் தோலில் படாதபடி பிடிக்க வேண்டும். பட்டால் அந்த ஓர் அடி மட்டும் வேறு குரலில் ஒலிக்கும்.

ஜோடிப் பொருத்தம் முக்கியம். இரண்டையும் தனித்தனியாக எடை போடுங்கள். சேலத்தில் கொலுசுப் பட்டறை தெரிந்தவர் இருந்தால் அவர்கள் தராசே போதும். 2 கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேறு ஜோடி கேளுங்கள். பிறகு காம்புகளை ஒவ்வொன்றாக மேசையில் தட்டிப் பாருங்கள். ஒலி ஒன்றுபோல இருக்க வேண்டும்.

தேர்வை டிம்பானி பக்கத்தில் நின்று முடிக்காதீர்கள். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் அரங்கின் கடைசி வரிசையில் நின்று கேட்கட்டும். வாசிப்பவர் காதுக்குச் சற்றே கரடாக இருப்பதுதான் அங்கே அளவாகக் கேட்கும்.

இதற்கெல்லாம் முன்பு, அடிக்கும் இடத்தைப் பாருங்கள். விளிம்பிலிருந்து 3, 4 அங்குலம் உள்ளே. நடுவில் அடித்தால் எந்தக் குச்சியும் 'தொப்'தான். இதை மிருதங்கம் வாசிப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதிர் விளிம்பருகே ஒரு சின்ன ஃபெல்ட் துண்டை வைத்தால் நீளும் ஒலி குறையும்.

? இதே குச்சியால் ரோல் (இரு குச்சிகளாலும் மாறி மாறி வேகமாக அடித்து ஒலியை நீட்டுவது) வாசிக்கலாமா?

சத்தமான ரோலுக்கு ஆகும். மெல்லிய ரோலில் அடிகள் எண்ணிவிடும்படி வெளியே தெரியும். அதற்கு மெத்தென்ற ஜோடி ஒன்று தனியாக வேண்டும்.

? பனிமூட்டக் காலத்தில் குச்சிகளை எப்படி வைப்பது?

கம்பளி ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் கெட்டித்தனம் போய்விடும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில், தலைகள் ஒன்றையொன்று அழுத்தாமல் வையுங்கள். கம்பளியைப் பூச்சி அரிக்கும். மாதம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். ஈரமானால் நிழலில் காற்றாட விடுங்கள், அடுப்பருகே வேண்டாம். தலையை ஒட்டிய பசை விடும். ஒரே இடத்தில் அடித்து ஃபெல்ட் பளபளவென்று தட்டையாகிவிட்டால், ஊசிமுனையால் மெல்லக் கிளறலாம். மெல்லிய ஃபெல்ட் அதை ஓரிரு முறைதான் தாங்கும். பிறகு உறையை மாற்றுவதே வழி.