பாரம்பரிய ஜாஸ் முதியவர்களின் இசையாகவே முடிந்துவிடுமா? பிள்ளைகளை அதில் இழுப்பது எப்படி?

இங்கிலாந்தில் ஆங்கிலேய மாமனாரோடு வாராவாரம் அவருடைய ரசிகர் சங்கத்தின் பாரம்பரிய ஜாஸ் கச்சேரிக்குப் போவதாகவும், அரங்கில் எழுபது வயதுக்குக் கீழே ஒருவரைப் பார்ப்பதே அபூர்வம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ட்ரம்பெட் கற்கும் 12 வயது மகனை இந்த இசைக்குக் கொண்டுவர வழி கேட்கிறீர்கள்.

நான் இசைக்காரன் அல்ல. சரக்குக் கப்பல்களைச் சோதித்துச் சான்று தரும் வேலையில் ஆறு ஆண்டுகள், ஜாஸ் பிறந்த அமெரிக்க ஊரான நியூ ஆர்லியன்ஸில் இருந்தேன். குழாயை நீட்டிச் சுருக்கி ஊதும் ட்ராம்போனை என் மகள் அங்கேதான் பழகினாள். அவளை ஜாஸ் பக்கம் திருப்ப நான் எடுத்த முயற்சிகள் அத்தனையும் தோற்றன. ஒரு தெருமுனைக் கிழவர் ஒரே பிற்பகலில் அதைச் செய்து முடித்தார்.

முதலில் என் கதை. அவளுக்குப் பள்ளியில் ட்ராம்போன் கொடுத்தவுடன், ட்ரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் 1920களில் வாசித்த ஒலிப்பதிவுகளைத் தேடி வாங்கினேன். கார் கிளம்பினால் அந்த இசைதான். போதாததற்கு ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் என் சொற்பொழிவு வேறு. இது எந்த ஆண்டு, கிளாரினெட் யார், இது ஏன் முக்கியம் என்று. மூன்றாவது வாரம் திரும்பிப் பார்த்தேன். பின் இருக்கையில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு சன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். பேசாமல் ஒலியைக் குறைத்தேன்.

அடுத்த ஆண்டு ஒரு சனிக்கிழமை. பள்ளி ஒத்திகை முடிந்து ஜாக்சன் சதுக்கம் வழியாக நடந்து வந்தோம். ஆறு பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் காசு போட ஓர் அட்டைப்பெட்டி. பெரிய டிரம்மின் மேல் ஒற்றைத் தாளத்தட்டைப் பொருத்தி, சட்டை மாட்டும் கம்பியை வளைத்து அதை ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் அதுதான் வழக்கம். சூசாபோன் என்ற பெரிய வளைகுழல் கருவியை உடம்பில் சுற்றிக்கொண்டு, பால் பாட்டில் அடுக்கும் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்த பெரியவர், மகளின் கையில் இருந்த பெட்டியைப் பார்த்து, “அதில் என்ன, மதியச் சாப்பாடா?” என்று கேட்டார். ட்ராம்போன் என்றாள். “எடு வெளியே” என்றார்.

பாட்டு தெரியாதே என்று தயங்கினாள். மூன்று சுரங்களைப் பாடிக் காட்டி, “இது போதும். நான்காவதை வாசித்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்” என்றார். நாற்பது நிமிடம் அந்த மூன்று சுரங்களை வைத்துக்கொண்டு அவள் நின்றாள். நடுவில் எதையோ தவறாகப் பிடிக்கப் போய், ட்ராம்போனின் சறுக்குக் குழாயைக் கடைசி நிலைவரை நீட்டப் பார்த்தாள். கை எட்டவில்லை. பெரியவர் சிரித்துவிட்டார். “அவ்வளவு தூரம் போகாதே அம்மா. அடுத்த வருடம் கை வளரும்” என்றார்.

அவர் வேடிக்கைக்காக மட்டும் அதைச் சொல்லவில்லை என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. இந்த இசையின் உருப்படிகள் பெரும்பாலும் ஊதுகருவிகளுக்கு இயல்பாக அமையும் பி ஃபிளாட், ஈ ஃபிளாட், எஃப் சுருதிகளில் இருக்கின்றன. ட்ராம்போன் பழகும் பிள்ளைக்குக் கடைசி நிலை அநேகமாகத் தேவைப்படுவதே இல்லை. உங்கள் மகனின் ட்ரம்பெட்டுக்கும் இந்தச் சுருதிகள் சுலபமானவைதான்.

வாசித்து முடித்ததும் பெட்டியைக் கவிழ்த்துக் காசை எண்ணினார்கள். ஏழு பங்கு. ஆளுக்கு 11 டாலர் வந்தது. சிறு பெண், அவளுக்கு எதற்கு என்று நான் குறுக்கிட்டேன். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வாசித்தாள் அல்லவா?” என்றார். வீட்டுக்கு வரும்வரை அந்தக் கசங்கிய நோட்டுகளை அவள் பர்சில் வைக்கவில்லை, கையிலேயே பிடித்திருந்தாள். அதன் பிறகு அவளைச் சாதகம் செய் என்று நான் சொன்னதே இல்லை.

இதில் பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பள்ளிகளில் ஜாஸ் என்று கற்பிப்பது பெரும்பாலும் பிற்கால ஜாஸ். அதில் பிள்ளை தனியாக எழுந்து நின்று கற்பனையில் வாசித்துக் காட்ட வேண்டும். பதின்மூன்று வயதில் அதைவிடப் பெரிய தண்டனை வேண்டுமா? பாரம்பரிய நியூ ஆர்லியன்ஸ் முறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிக்கிறார்கள். மெட்டை ட்ரம்பெட் பிடித்துக்கொள்ளும். கிளாரினெட் மேலே கொடிபோலச் சுற்றும். ட்ராம்போன் கீழே இடைவெளிகளை நிரப்பும். அந்த வாசிப்புக்கு ‘டெயில்கேட்’ என்று பெயர். ஊர்வல வண்டியில் சறுக்குக் குழாய் யார் முகத்திலும் இடிக்காமல் இருக்க, ட்ராம்போன்காரரைப் பின்பக்கக் கதவருகே உட்காரவைத்ததால் வந்த பெயர். இந்தக் கூட்டு வாசிப்பில் மூன்று சுரம் மட்டுமே தெரிந்தவருக்கும் ஒதுங்கிக்கொள்ள நிழல் உண்டு. தவறினாலும் பக்கத்தில் இருப்பவரின் ஒலி மூடிவிடும். கிழவர்களின் இசை என்று பேர் வாங்கியதுதான் சிறுபிள்ளைக்கு மிகவும் இடம் கொடுக்கிற ஜாஸ். இதை உங்கள் சங்கத்துக்காரர்களே மறந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நியூ ஆர்லியன்ஸும் ஒருமுறை இதை மறந்திருந்தது. 1930களின் இறுதியிலும் 1940களிலும் இந்த இசையின் ‘அசல்’ வடிவத்தைத் தேடிக் கிளம்பிய ரசிகர்கள் எல்லோரும் முதியவர்களைத்தான் தேடினார்கள். பங்க் ஜான்சன் என்ற ட்ரம்பெட்காரரை நியூ ஐபீரியா என்ற சிற்றூரில் கண்டுபிடித்தபோது அவருக்கு ஊதப் பல் இல்லை. புகழ்பெற்ற ஜாஸ் கலைஞர் சிட்னி பெஷேயின் அண்ணன் பல் மருத்துவர். அவர் பல்செட் செய்து கொடுத்த பிறகுதான் 1942இல் ஒலிப்பதிவு நடந்தது. 1961இல் நியூ ஆர்லியன்ஸில் தொடங்கிய பிரிசர்வேஷன் ஹால் என்ற இசைக்கூடமும் வாய்ப்பின்றி இருந்த மூத்த கலைஞர்களுக்காகவே வந்த இடம். பெயரிலேயே ‘பாதுகாப்பு’ இருக்கிறது. அவர்கள் செய்ததைக் குறைசொல்ல மாட்டேன். அந்தக் கூடத்தில் மரப் பெஞ்சில் வியர்த்துக்கொண்டு கேட்ட இரவுகளை நான் மறக்க முடியாது. (எல்லோரும் கேட்கும் ‘வென் தி செயின்ட்ஸ் கோ மார்ச்சிங் இன்’ பாட்டை வாசிக்கச் சொன்னால் மற்றப் பாட்டுகளைவிடக் கூடுதல் கட்டணம் என்று அங்கே ஒரு பலகையே இருந்தது. வாசித்து வாசித்து எவ்வளவு அலுத்திருந்தால் அப்படி எழுதுவார்கள்!) ஆனால் முதியவர்களைப் போற்றுவது மட்டுமே வேலை என்றால் அந்த வேலை சில ஆண்டுகளில் தானாகவே முடிந்துவிடும்.

பாஞ்சோவும் கிதாரும் வாசித்த டேனி பார்க்கர் நேர் எதிராக யோசித்தார். 1909இல் அந்த ஊரில் பிறந்து, நியூயார்க்கில் கேப் காலோவேயின் பெரிய குழுவில் எல்லாம் வாசித்துவிட்டு, 1965இல் ஊர் திரும்பினார். பித்தளைக் கருவிக் குழுக்களில் இளைஞர்களே இல்லை. அவருடைய தாத்தா இசிடோர் பார்பரின் அந்தக் காலத்து ஆன்வர்டு என்ற பித்தளைக் குழுவில் வாசித்தவர். அதே பெயரில் குழுவை மீண்டும் தொடங்கிய மாமா பால் பார்பரின் 1969இல் கார்னிவல் ஊர்வலத்தில் டிரம் வாசித்துக்கொண்டிருந்தபோதே இறந்துபோனார். இதையெல்லாம் பார்த்தவரிடம், ஃபேர்வியூ பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர் 1970 வாக்கில் பிள்ளைகளுக்கு ஒரு குழு அமைத்துக் கொடுங்கள் என்று கேட்டார்.

பார்க்கர் வகுப்பு எடுக்கவில்லை. அந்தப் பகுதியில் லெராய் ஜோன்ஸ் என்ற 12 வயதுச் சிறுவன் ட்ரம்பெட் சாதகம் செய்வதைக் கேட்டு, அவனையே முன்னால் நிறுத்தினார். ஒத்திகை அவன் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில். தேவாலயப் பாடல்களில் தொடங்கினார்கள். முக்கியமாக, பிள்ளைகளை நேராக ஊர்வலங்களுக்கும் விழாக்களுக்கும் கூட்டிப்போனார். குழு பெருகி முப்பது பேரை எட்டியது. லூசியன் பார்பரின், ஹெர்லின் ரைலி, ஷானன் பவல், மார்சாலிஸ் சகோதரர்கள் வின்டனும் பிரான்ஃபோர்டும் என்று அதில் நின்று வாசித்துவிட்டுப் போனவர்களின் பட்டியல் நீளம்.

இசைக்கலைஞர் சங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. பிள்ளைகளை வைத்துப் பிழைக்கிறார், பெரியவர்களின் வாய்ப்பைக் கெடுக்கிறார் என்று புகார் கிளம்பியது. 1974இல் பார்க்கர் விலகிக்கொண்டார். அதோடு முடிந்தது என்று நினைத்திருப்பார்கள். லெராய் ஜோன்ஸ் அதே பிள்ளைகளை வைத்து ‘ஹரிக்கேன்’ என்ற குழுவைத் தொடங்கினார். அந்த வட்டத்திலிருந்து வந்த சிலர் 1977இல் ‘டர்ட்டி டசன்’ குழுவில் சேர்ந்தார்கள். அவர்கள் பழைய ஊர்வல இசையில் பீபாப் என்ற பிற்கால ஜாஸையும் ஃபங்க் என்ற ஆட்ட இசையையும் கலந்து, வேகத்தை ஏற்றிவிட்டார்கள். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கும் அந்த வாசிப்பு முழுதாக ஒத்துவரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சூசாபோன் அத்தனை ஓடவேண்டுமா என்று தோன்றும். ஆனால் தெருவில் இருபது வயதுக்காரர்கள் பித்தளைக் கருவியைத் தூக்கிக்கொண்டு அலையும் காட்சி அந்த ஊருக்குத் திரும்ப வந்தது அவர்களால்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாறியது எல்லாமே பார்க்கருக்குச் சம்மதமாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பிற்காலத்தில் ஜாஸ் இறுதி ஊர்வலங்கள் கூச்சலாகிவிட்டன என்று வருந்தி, தனக்கு அது வேண்டாம் என்றே சொல்லியிருந்தார். 1994இல் அவர் இறந்தபோது, அவரிடம் பழகிய ட்ரம்பெட்காரர் கிரெக் ஸ்டாஃபோர்ட், பழைய முறைப்படி கண்ணியமாக நடத்துகிறோம் என்று குடும்பத்துக்கு உறுதி கொடுத்த பிறகே ஊர்வலம் நடந்தது. மெதுநடைச் சோக இசையை இளையவர்கள் மறக்கவில்லை. தேவைப்பட்ட நாளில் எடுத்து வாசித்தார்கள்.

நான் அங்கே இருந்த காலத்தில் நேரில் பார்த்தது ‘ரூட்ஸ் ஆஃப் மியூசிக்’. கத்ரீனா புயலுக்குப் பின், ரீபர்த் என்ற பித்தளைக் குழுவின் டிரம்காரர் டெரிக் டாப் 2007இல் தொடங்கியது. 9 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி விட்ட பிறகு இலவசப் பயிற்சி. அழைத்துவர பஸ், சூடான சாப்பாடு, வீட்டுப்பாடத்துக்கு ஆசிரியர், பிறகுதான் வாத்தியம். ஊக்கம் என்று நாம் பேசுவதில் பாதிக்கு மேல் பஸ்ஸும் சாப்பாடும்தான் என்று அங்கே கற்றுக்கொண்டேன். என் மகளைப் பொறுத்தவரை, இன்னொரு கதவைத் திறந்தது ‘பினெட்ஸ்’ என்ற பெண்கள் மட்டும் வாசிக்கும் பித்தளைக் குழு. 1991இல் ஒரு பெண்கள் பள்ளியில் தொடங்கியது. அவர்களைப் பார்த்த அன்று என்னிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கண்ணாடி முன் நின்று ட்ராம்போனை மேலே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது உங்கள் ஊர். பிரிட்டனில் நடந்தது வேறு கதை. கென் காலியர் என்ற இளைஞர் கப்பல் மாலுமியாக வந்து, 1952இல் அமெரிக்காவின் மொபைல் என்ற துறைமுகத்தில் கப்பலை விட்டிறங்கி நியூ ஆர்லியன்ஸுக்குப் போனார். அந்த ஊர்க் கிளாரினெட் கலைஞர் ஜார்ஜ் லூயிஸின் குழுவினரோடு வாசித்தார். விசாக் கெடு தாண்டியதால் சிறையில் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். (கப்பலைப் பாதியில் விட்டு ஓடும் மாலுமிகளால் எனக்கு எத்தனை வேலை கெட்டிருக்கிறது! இவர் ஒருவரை மட்டும் மன்னித்துவிட்டேன்.) ஆக, பிரிட்டனுக்கு இந்த இசையைக் கொண்டுவந்தவர்கள் இருபது சொச்ச வயதுக்காரர்கள். பிரிட்டிஷ் ட்ரம்பெட்காரர் கென்னி பாலின் ‘மிட்நைட் இன் மாஸ்கோ’ இசைத்தட்டு அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்த 1961, 62இல் கூட்டம் முழுக்க வாலிபர்கள். பிறகு பீட்டில்ஸ் வந்தார்கள், புதியவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். அன்று 18 வயதில் ஆடியவருக்கு இன்று 80 தாண்டிவிட்டது. உங்கள் மாமனாரின் நண்பர்கள் முதியவர்களாகச் சேர்ந்தவர்கள் அல்லர். ஒன்றாகவே மூத்தவர்கள். அடுத்த வரிசைக்கு நாற்காலி போடத்தான் தவறிவிட்டார்கள்.

இதே மாதிரி ஒரு ரசிகர் சங்கத்தின் விழாவுக்கு, வேறோர் ஊரில், மகளோடு போயிருந்தேன். ‘இளையோர் மேடை’ என்று பெரிதாக அறிவித்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் பிற்பகல் இரண்டு மணி, கழிப்பறைக்குப் பக்கத்துக் கூடாரம். கேட்டவர்கள் பெற்றோர் மட்டுமே. பரிசுக் குலுக்கல் தொடங்கியதும் அவர்களிலும் பாதிப் பேர் எழுந்து போனார்கள். முடிந்தபின் ஒருவர் வந்து, “எதிர்காலம் உங்கள் கையில்” என்று பிள்ளைகளுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார். காரில் ஏறியதும் மகள் கேட்டாள்: “அப்பா, இவர்களுக்கு நிஜமாகவே நாங்கள் வேண்டுமா?”

அதனால், தனி மேடை, சான்றிதழ், பாராட்டுரை எல்லாம் உங்கள் மகனுக்கு வேண்டாம். பழைய ஒலிப்பதிவுகளையும் இப்போதைக்கு ஒளித்து வையுங்கள். மாமனாரிடம் பேசி, வழக்கமான குழுவின் நடுவில், டியூபாவுக்கு அருகில் அவனுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். முதல் மாதம் ஒரே ஒரு பாட்டு போதும், அதுவும் பி ஃபிளாட்டில். முன்கூட்டியே தாளில் எழுதிக் கொடுக்காமல், யாராவது ஒருவர் மூன்று சுரத்தைப் பாடிக் காட்டட்டும். இன்னொரு பையனோ பெண்ணோ கூட வந்தால் மிகவும் நல்லது. தனியாக எழுபது வயதுக்காரர்கள் நடுவில் உட்கார எந்தப் பிள்ளைக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். அவன் எங்கிருந்தோ ஒரு புதுப் பாட்டின் துணுக்கை இடையில் நுழைத்தால் யாரும் முறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் குழுவுக்குக் கிடைப்பதில் அவனுக்கும் ஒரு பங்கு, ஐந்து பவுண்டானாலும் சரி, மாமனார் கையால் அல்ல, குழுத் தலைவர் கையால் கொடுக்க வேண்டும். நீங்கள் குறுக்கே போய், சிறுவன், அவனுக்கு எதற்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.