பனியாற்றைப் பார்க்கப் போகும் ஆசிரியை

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கப்பல் பயணக் கட்டுரைகள் அனைத்தையும் வாசித்தவள் என்ற உரிமையில் இதைக் கேட்கிறேன். நாங்கள் கலிஃபோர்னியாவில் சாக்ரமெண்டோவில் இருக்கிறோம். ஜூலை நடுவில் சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போய்த் திரும்பும் ஏழு இரவுப் பயணத்துக்கு இரண்டு பால்கனி அறைகள் பதிவுசெய்து முழுப் பணமும் கட்டிவிட்டோம். நான், என் கணவர், இங்கேயே பிறந்த எங்கள் இரண்டு பிள்ளைகள், மார்ச் 12 அன்று மயிலாடுதுறையிலிருந்து வந்திருக்கும் என் அம்மா. அம்மா முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளியில் புவியியல் நடத்தியவர். பனியாறு பாடத்தைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறார். ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. அதற்காகத்தான் இந்தப் பயணம்.

போன வாரம் கப்பல் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. இடத்துக்கு மேல் பதிவாகிவிட்டதாம். விரும்பினால் மாறிக்கொள்ள இரண்டு வழி தருகிறார்கள். செப்டம்பர் 12 அன்று அதே கப்பலில் போனால் கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தருவார்கள், அறையும் இன்னும் பெரிதாகும். இல்லையென்றால், இதே ஜூலை வாரத்தில் கனடாவின் வான்கூவரிலிருந்து அலாஸ்காவின் விட்டியர் வரை ஒரு வழியாகப் போகும் வேறொரு கப்பல். இதில் பணம் திரும்ப வராது. கப்பலில் செலவழிக்க அறைக்கு 400 டாலரும், விமான டிக்கெட் மாற்ற ஆளுக்கு 300 டாலர் வரையும் தருவார்கள். இந்தக் கப்பல் கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் போகிறது. எங்களுடையது எண்டிகாட் ஆர்ம் என்ற இடத்துக்குப் போகிறது.

கணவர் செப்டம்பருக்கு மாறலாம், அம்மா தங்கும் காலத்தை நீட்டிக்க விண்ணப்பிக்கலாம் என்கிறார். எனக்கு எதையும் மாற்றப் பிடிக்கவில்லை. மறுத்தால் எங்களைக் கட்டாயமாக இறக்கிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. அம்மா "உங்களுக்கு எது சௌகரியமோ அப்படிச் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் தர வேண்டும்.

அன்புடன்,
கே.

*

அன்புள்ள கே.,

செப்டம்பர் வேண்டாம். நாள் குறைவாக இருப்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் அம்மா மார்ச் 12 அன்று வந்தவர். வழக்கமான ஆறு மாத அனுமதி என்றால் அது செப்டம்பர் 11 வாக்கில் முடியும். எதுவரை தங்கலாம் என்று அமெரிக்காவுக்குள் நுழைந்தபோது போட்ட ஐ-94 பதிவில் என்ன தேதி இருக்கிறது என்று இன்றே பாருங்கள். கப்பல் புறப்படுவது செப்டம்பர் 12, அதாவது அந்த ஆறு மாதம் முடிந்த மறுநாள். நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று உங்கள் கணவர் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது அமெரிக்காவை விட்டு வெளியே போனால் அந்த விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். சியாட்டில் கப்பலும் நாட்டை விட்டு வெளியே போகத்தான் செய்கிறது. வெளிநாட்டுக் கொடியுடன் ஓடும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணிகளை, இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொடாமல் மறுபடி அமெரிக்காவில் இறக்கக் கூடாது என்று 1886-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருக்கிறது. சியாட்டில் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலை மட்டும் நின்றுவிட்டுத் திரும்புவது அதனால்தான். அந்தச் சில மணி நேரத்துக்காக உங்கள் அம்மாவுக்கு ஏற்கெனவே கனடா விசா எடுத்திருப்பீர்கள். ஆக, செப்டம்பர் என்றால் அம்மா இல்லாத பயணம். யாருக்காகப் பதிவுசெய்தீர்களோ அவரைக் கரையில் விட்டுவிட்டுப் போவதற்குத்தான் பாதிப் பணம் திரும்ப வருகிறது.

அந்தப் பாதியையும் கொஞ்சம் நிறுத்துப் பாருங்கள். அலாஸ்காவுக்கு ஜூலைதான் உச்சப் பருவம். செப்டம்பரில் பருவம் முடியும் நேரம் என்பதால் கட்டணம் இறங்கிவிடும். அதே வகை அறை செப்டம்பர் 12-க்கு இப்போது என்ன விலைக்கு விற்கிறது என்று பாருங்கள். திருப்பித் தருவதாகச் சொல்லும் தொகையில் ஒரு பகுதி, அந்த மாதத்தில் பதிவுசெய்திருந்தால் நீங்கள் கட்டியே இருக்கத் தேவையில்லாத பணம். கட்டணம் என்று அவர்கள் சொல்வதில் வரியும் துறைமுகக் கட்டணமும் பெரும்பாலும் சேராது. உங்கள் பிள்ளைகளின் பள்ளியும் அதற்குள் திறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும்.

இதே போன்ற ஒரு மாற்றத்துக்கு நானும் ஒருமுறை சம்மதித்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஜூலையில் போக வேண்டிய நானும் மனைவியும் செப்டம்பர் கடைசியில் போனோம். தென்கிழக்கு அலாஸ்கா மழைக்காடு. இலையுதிர் காலம் நெருங்க நெருங்க மழை வலுக்கும். ஜூனோவில் திமிங்கிலம் பார்க்கப் போகும் எங்கள் படகு காற்றினால் ரத்தானது. கெச்சிகனில் குடைக்குள் நின்று ஓடையைப் பார்த்துவிட்டு வந்தோம். செப்டம்பரில் இரவு நன்றாக இருட்டும், வடதுருவ ஒளி தெரியலாம் என்பது உண்மைதான். எங்களுக்கு ஏழு இரவும் மேகம். இழப்பீடாகக் கொடுத்த தொகை கப்பலுக்குள் மட்டுமே செல்லும், மிஞ்சினால் திரும்ப வராது. கடைசி இரவில் அதைத் தீர்ப்பதற்காக வேண்டாத பொருள்களை வாங்கினோம். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பணம் வருகிறது என்பதைத் தவிர வேறு எதையும் அன்று நான் யோசிக்கவில்லை.

அடுத்து உங்கள் பயம். மறுத்தால் இறக்கிவிடுவார்களா? பயண ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில் நிறுவனம் தனக்கு நிறைய உரிமைகளை எழுதி வைத்துக்கொண்டிருக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் நடைமுறையில் இத்தகைய கடிதம் பலருக்குப் போகும். முதலில் சம்மதிப்பவர்களை மாற்றுவார்கள், போதவில்லை என்றால் சலுகையைக் கூட்டிக் கேட்பார்கள். அறை எண் ஒதுக்காமல், ஏதோ ஒரு அறை கிடைக்கும் என்ற உறுதியோடு மட்டும் பதிவுசெய்தவர்களுக்குத்தான் கவலை அதிகம். உங்கள் பதிவில் அறை எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். பயணமே ரத்தானாலோ, புறப்பாடு மூன்று நாளோ அதற்கு மேலோ தள்ளிப்போனாலோ பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று அமெரிக்கக் கடல்சார் ஆணையம் 2022-இல் விதியைத் தெளிவாக்கியிருக்கிறது. உங்கள் நிலை அதுவல்ல. உங்களிடம் அவர்கள் ஓர் உதவி கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த உதவிக்கு நீங்கள் நினைப்பதைவிட மதிப்பு அதிகம். கப்பலில் அறைகளின் எண்ணிக்கையைத் தவிர இன்னொரு கணக்கும் உண்டு. ஆபத்து வந்தால் எந்த அறைக்காரர்கள் எந்த இடத்தில் கூடி எந்த உயிர்காப்புப் படகில் ஏற வேண்டும் என்று முன்கூட்டியே பிரித்துவைத்திருப்பார்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு வருபவர்கள் ஓர் அறையில் மூன்று பேர், நான்கு பேர் என்று தங்குவதால், கப்பலின் அந்தப் பகுதிக்கான தலைக்கணக்கு சீக்கிரம் நிரம்பிவிடும். உங்கள் வீட்டார் மாறினால் இரண்டு அறையும் ஐந்து தலையும் ஒரே கையெழுத்தில் விடுபடும். அதனால் அவர்கள் எழுதி அனுப்பிய சலுகையோடு நிற்க வேண்டாம், மேலும் கேளுங்கள்.

எதற்காகக் கேட்கச் சொல்கிறேன் என்றால், எதையும் மாற்ற வேண்டாம் என்ற உங்கள் முடிவும் எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த வான்கூவர் கப்பல் கிளேசியர் பேவுக்குள் போகிறது என்பதை நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். உங்கள் அம்மாவை நினைத்துக்கொண்டு உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது, அந்த வரியில்தான் நான் நின்றேன்.

எண்டிகாட் ஆர்ம் அழகான இடம். மலைகளுக்கு நடுவே குறுகிப் போகும் கடல், அதன் முனையில் டாஸ் பனியாறு. ஆனால் மிதக்கும் பனிக்கட்டிகள் அதிகமாக இருக்கும் நாளில் பெரிய கப்பல் தூரத்திலேயே திரும்பிவிடும். கிட்டே போகச் சிறு படகுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அதற்குப் பக்கத்தில் உள்ள ட்ரேசி ஆர்மில் 2025 ஆகஸ்ட் 10 அன்று ஒரு மலைச்சரிவே பெயர்ந்து நீரில் விழுந்து பேரலை எழுந்தது. பனியாறு பின்வாங்கியதால் தாங்கல் இழந்த சரிவு அது. அம்மாவிடம் சொல்லுங்கள், அவருக்கு இதில் பாடம் இருக்கிறது.

கிளேசியர் பே வேறு வகை. அங்கே ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் பூங்கா நிர்வாகம் அனுமதிப்பதில்லை. அனுமதி பெற்ற கப்பல் ஏறக்குறைய ஒரு முழுப் பகலை உள்ளே கழிக்கும். 1794-இல் பிரிட்டிஷ் கடற்படைக் கேப்டன் ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் படகில் வந்தபோது இது விரிகுடாவாகவே இல்லை. கரையில் சிறிய உள்வாங்கல், அதற்கு மேல் பனிச் சுவர். 1879-இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் வந்தபோது பனி முப்பது மைல்களுக்கு மேல் பின்னே போயிருந்தது. இன்று விரிகுடாவின் நீளம் ஏறக்குறைய 65 மைல். பனி முன்னேறி வந்த காலத்தில் தங்கள் ஊர்களை விட்டு ஓட நேர்ந்த ஹூனா ட்லிங்கிட் பழங்குடி மக்கள் இதைத் தங்கள் மொழியில் பனியாறு இருந்த இடத்து விரிகுடா என்றே அழைக்கிறார்கள்.

விரிகுடாவின் வாயிலில் பனி விலகி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, அதனால் அடர்ந்த ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காடு. உள்ளே போகப் போகப் பனி விலகிய காலம் குறைந்துகொண்டே வரும். காடு மெலிந்து ஆல்டர் புதராகும். புதர் பாசியாகும். கடைசியில் வெறும் பாறை, அதன் மேல் பனி இழுத்துச் சென்ற கீறல்கள். அதற்கும் அப்பால் மார்ஜரி பனியாறு, ஒரு மைல் அகலம். வில்லியம் கூப்பர் என்ற தாவரவியலாளர் 1916-இல் இங்கே சிறு சிறு நிலத்துண்டுகளை அடையாளமிட்டு, வெறும் மண்ணில் எந்தச் செடி முதலில் வருகிறது, அடுத்து எது வருகிறது என்று குறிக்கத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்தவர்கள் இன்னும் அதே துண்டுகளைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். முப்பத்தோரு ஆண்டுகள் பனியாறு பாடம் நடத்திய ஒருவர் பார்க்க வேண்டிய இடம் எது என்று என்னைக் கேட்டால், உலகத்திலேயே இதைத்தான் சொல்வேன். அதுவும் உங்கள் கைக்கே வந்திருக்கிறது, அதே வாரத்தில்.

கடலும் உங்கள் பக்கம் இருக்கிறது. சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த பசிபிக்கில் போகும். வான்கூவரிலிருந்து கிளம்பும் கப்பல் தீவுக்கும் நிலத்துக்கும் நடுவே மறைவான நீரில் போகும். கப்பலுக்குப் பழகாத வயதானவருக்கு முதல் நாள் அமைதியாக இருப்பது பெரிய விஷயம். கடைசியில் அலாஸ்கா வளைகுடாவைக் கடக்கும்போது ஆட்டம் இருக்கலாம். ஆனால் அதற்குள் அவர் பார்க்க வந்ததைப் பார்த்திருப்பார்.

இனி வெள்ளிக்கிழமைக்குள் செய்ய வேண்டியவை. பிள்ளைகளிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா? சியாட்டிலில் ஏறி அங்கேயே இறங்கும் பயணத்துக்கு அமெரிக்கக் குடிமக்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் போதும் என்பதால் பலர் பாஸ்போர்ட் எடுப்பதே இல்லை. வான்கூவருக்கு விமானத்தில் போக அது கட்டாயம். பாஸ்போர்ட் இருக்கிறது என்றாலும், சிறுவர் பாஸ்போர்ட் ஐந்தே ஆண்டு செல்லும் என்பதால் காலாவதித் தேதியைப் பாருங்கள். பிள்ளைகளுக்குச் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லையென்றால், வேறு யோசனை வேண்டாம், உங்கள் ஜூலைக் கப்பலிலேயே போங்கள். நீங்களும் கணவரும் கிரீன் கார்டுக்காரர்கள் என்றால் கார்டோடு இந்தியப் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். அம்மாவின் கனடா விசா அந்த வாரத்துக்குச் செல்லுமா, அமெரிக்க விசா பல முறை நுழைய அனுமதிப்பதுதானா என்று பாருங்கள். வான்கூவர் துறைமுகத்திலேயே அமெரிக்க அதிகாரிகள் சோதிப்பார்கள்.

அடுத்தது விமானம். போக வான்கூவருக்கு, திரும்ப ஆங்கரேஜிலிருந்து என்று ஐந்து பேருக்கும் இன்றைய விலையைப் பாருங்கள். ஜூலையில் ஆளுக்கு 300 டாலர் போதாமல் போக வாய்ப்பு அதிகம். விட்டியரில் இறங்கிய பின் ஆங்கரேஜ் விமான நிலையத்துக்கு 60 மைல் போக வேண்டும், ஒரே பாதையை ரயிலும் வண்டிகளும் மாறி மாறிப் பயன்படுத்தும் சுரங்கம் வழியாக. அதே நாள் பிற்பகலுக்கு முன் விமானம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தக் கணக்கோடு தொலைபேசியில் அழையுங்கள். பயண முகவர் வழியாகப் பதிவுசெய்திருந்தால் அவரைப் பேசச் சொல்லுங்கள். விமானச் செலவின் வித்தியாசம் முழுவதையும், விட்டியரிலிருந்து விமான நிலையம் வரையான பஸ்ஸையும் கேளுங்கள். கப்பலில் செலவழிக்கும் 400 டாலருக்குப் பதிலாகக் கட்டணத்தில் கழிக்க முடியுமா என்றும் கேளுங்கள். இரண்டு அறைகளும் அடுத்தடுத்து, லிஃப்டுக்குப் பக்கத்தில் வேண்டும் என்று சொல்லுங்கள். ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்கி, புதிய அறை எண் கைக்கு வந்த பிறகே பழைய பதிவை விடுங்கள். பயணக் காப்பீட்டின் தேதியையும் வழியையும் அன்றே மாற்றுங்கள். மறுத்துவிட்டார்கள் என்றால் உங்கள் ஜூலைப் பயணம் அப்படியே இருக்கிறது. எண்டிகாட் ஆர்மும் அம்மாவுக்கு மகிழ்ச்சியைத்தான் தரும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவிடம் "எது சௌகரியம்" என்று கேட்காதீர்கள், எல்லா அம்மாக்களும் அதே பதிலைத்தான் சொல்வார்கள். கிளேசியர் பேயின் வரைபடத்தை அவர் முன் விரித்துவைத்து, எந்த ஆண்டில் பனி எதுவரை இருந்தது என்று காட்டுங்கள். பிறகு அவரே பேசட்டும்.

அந்தக் கப்பலில் போவதாக அமைந்தால், கிளேசியர் பேவுக்குள் நுழையும் அன்று காலையிலேயே அம்மாவுக்குக் கம்பளியைப் போர்த்தி மேல் தளத்துக்குக் கூட்டிப் போய்விடுங்கள். பூங்கா வனக்காவலர்கள் சிறு படகில் வந்து ஏறும் நேரம் அது. பனி கண்ணில் பட்ட பிறகுதான் மற்றவர்கள் வெளியே வருவார்கள். அம்மா காட்டிலிருந்தே தொடங்கட்டும்.

அன்புடன்.