வெள்ளையணு கூடினால் எதிர்ப்புசக்தி கூடுமா? மோல்மீன் தம்பிக்கு

தம்பி, அப்பாவுக்கு வெள்ளையணு 92,000 வந்திருக்கிறது, நாட்பட்ட மைலாய்டு லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம் என்கிறார் டாக்டர், "வெள்ளையணு கூடினால் எதிர்ப்புசக்தியும் கூடத்தானே வேண்டும்?" என்று கேட்டிருந்தீர்கள். என் அண்ணனுக்கு இதே நோய் வந்தபோது யாங்கூனில் நானும் இதையேதான் கேட்டேன்.

எதிர்ப்புசக்தி கூடுவதில்லை, தம்பி. சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். கிருமி வந்தால் ஏறும், போனதும் இறங்கும். இந்த நோயில் எலும்பு மஜ்ஜையில் ஒரு செல்லின் 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்கின்றன. அதனால் உருவாகும் புரதம் அந்தச் செல்லை ஓயாமல் பெருகச் சொல்லிக்கொண்டே இருக்கும்; கிருமியை எதிர்க்க ஏறும் ஏற்றம் இல்லை இது. முதிராத அணுக்களும் ரத்தத்தில் இறங்கிவிடும், மண்ணீரல் வீங்கி இரைப்பையை அழுத்தும். அண்ணன் இரண்டு கவளம் சோறு சாப்பிட்டதும் இடது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு "போதும்" என்பார். வாயு என்று நினைத்து நாங்கள் ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

முதலில் பி.சி.ஆர்-ஏ.பி.எல் (BCR-ABL) பரிசோதனை எடுங்கள், அந்தக் குரோமோசோம் மாற்றத்தால் உருவான மரபணு இருக்கிறதா என்று பார்ப்பது, அதுதான் உறுதி சொல்லும். உறுதியானாலும் இடிந்து போகாதீர்கள். 2001-இல் இந்த நோய்க்கான இமாட்டினிப் மாத்திரை வந்த பிறகு பலரும் பல வருஷம் வேலைக்குப் போய்க்கொண்டு நன்றாக இருக்கிறார்கள். அண்ணன் காலையில் மொகிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) சாப்பிட்ட கையோடு, அந்த மாத்திரையைப் பெரிய டம்ளர் தண்ணீரோடு போட்டுக்கொள்கிறார். உடம்பு தேறிவிட்டது என்று அப்பா தானாக நிறுத்த மட்டும் விடாதீர்கள். அப்புறம், உங்கள் ஊர் பம்ளிமாஸ்: இந்த மாத்திரையோடு அதைச் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். மூச்சுத் திணறலோ பார்வை மங்கலோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.