புதிய டர்ஃப் ஷூ ஏன் வழுக்குகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 34. வாரம் இருமுறை அலுவலகம் முடிந்தபின் நண்பர்களோடு, செயற்கைப் புல் விரித்த வாடகை டர்ஃபில் ஐவர் கால்பந்து ஆடுகிறேன். கல்லூரிக் காலத்தில் வாங்கிய எஃப்.ஜி. ஸ்டட்ஸை (அடியில் குமிழ்கள் உள்ள ஷூவை) அணிந்து ஆடியவரை, மறுநாள் முழங்கால் வலிக்கும். சென்ற மாதம் டி.எஃப். என்று குறிக்கப்பட்ட புதிய ஷூ வாங்கினேன். வலி குறைந்துவிட்டது, ஆனால் வேகமாகத் திரும்பும்போது கால் இலேசாக வழுக்குகிறது. பழைய ஷூவுக்கே போய்விடலாமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: வேண்டாம். வலி குறைந்ததற்கும் கால் வழுக்குவதற்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்க வேண்டும்.

எஃப்.ஜி. (ஃபர்ம் கிரவுண்ட்) என்பது இறுகிய இயற்கைப் புல்தரைக்கானது. அதன் அடியில் இருக்கும் சில நீண்ட குமிழ்கள் மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்கும். உடல் அளவுக்கு மீறித் திரும்பினால் மண் பெயர்ந்து காலை விட்டுவிடும். டர்ஃபின் அடியில் இருப்பதோ நெய்த விரிப்பு, அது பெயராது. குமிழ் செயற்கைப் புல்லிழைகளுக்கிடையே மாட்டிக்கொண்டு பாதம் நின்றுவிட, இடுப்பு மட்டும் திரும்பும்போது, அந்த முறுக்கு முழுவதையும் கணுக்காலும் முழங்காலுமே தாங்க வேண்டியிருக்கிறது. டி.எஃப். (டர்ஃப்) ஷூவின் அடியில் நெருக்கமாகப் பதிந்திருக்கும் குட்டையான ரப்பர் குமிழ்கள் உள்ளே இறங்காமல் மேலேயே நின்று எடையைப் பரப்புவதால், திரும்பும்போது பாதமும் சற்றே நழுவித் திரும்புகிறது. நீங்கள் வழுக்கல் என்று எழுதியிருப்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். பல ஆண்டுகள் ஸ்டட்ஸ் அணிந்து பழகிய காலுக்கு அது குறையாகத் தோன்றுவது இயல்பு.

ஆனாலும் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். ஆட்டம் தொடங்குமுன் ஐந்தாறு அடி வேகமாக ஓடி, திரும்பாமல் அப்படியே நில்லுங்கள். திரும்பும்போது சிறிது நழுவுவது சரி. திரும்பாமல் நிற்கும்போதே ஓரடிக்கு மேல் சறுக்கினால் தரையைக் குனிந்து பாருங்கள். இழைகள் படிந்து பளபளத்து, இழைகளுக்கிடையே நிரப்பிய ரப்பர் துகள்கள் ஓரங்களில் ஒதுங்கிக் கிடந்தால் குற்றம் ஷூவினுடையதன்று. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் மைதானங்கள் பலவற்றில், கோலுக்கு முன்னால் உள்ள பகுதி இப்படித்தான் தேய்ந்திருக்கிறது.

கடைக்காரர் ஏ.ஜி. (ஆர்ட்டிஃபிஷியல் கிரவுண்ட்) என்று இன்னொரு வகையையும் காட்டியிருப்பார். 40 முதல் 60 மில்லிமீட்டர் வரை உயர்ந்த இழைகளும், மணலும் ரப்பர் துகளும் நிறைந்த பதினொருவர் ஆடும் பெரிய மைதானங்களுக்கு அது பொருந்தும். லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கால்பந்து சங்கம் 1981இல் விரித்த தரையைப் போன்ற பழைய குட்டை இழை விரிப்புகளுக்குப் பொருந்துவது டி.எஃப். அடிப்பாகம்தான், தேய்ந்துபோன வாடகை டர்ஃப் ஏறத்தாழ அந்த நிலைக்கே வந்துவிடுகிறது என்பதால், உங்களுக்கு நான் டி.எஃப்.தான் சொல்வேன். தொலைக்காட்சியில் நாம் காணும் வீரர்கள் பெரும்பாலும் இயற்கைப் புல்லில் ஆடுகிறவர்கள். அவர்கள் காலைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவதுதான் நம்மில் பலர் செய்யும் பிழை. நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன்.

முழங்காலில் வீக்கம் இருந்தாலோ, நடக்கையில் மூட்டு பிசகுவதுபோல் இருந்தாலோ, ஷூ ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: புதிய ஷூவில் பெருவிரல் முன்பக்கம் இடிக்கிறது. போடப் போட இளகிவிடும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பாதி உண்மை. தோல் ஷூ அகலவாக்கில் ஓரளவு இளகும். செயற்கைப் பொருளால் ஆனது மிகக் குறைவாகவே இளகும். நீளம் எதிலும் கூடாது. டர்ஃபில் ஓடி நிற்கும் ஒவ்வொரு முறையும் பாதம் முன்னால் தள்ளப்படுவதால், இடிக்கும் விரலின் நகம் சில வாரங்களில் கறுத்துவிடும். எனவே, தரையில் அணிவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், ஆடும்போது அணிகிற அதே தடித்த காலுறையோடு போய், இரண்டு கால்களிலும் போட்டுப் பாருங்கள். விரல் நுனிக்கு முன்னால் அரை விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். குதிகால் எழும்பக் கூடாது. அகலப் பாதம் உள்ளவர்கள் அதற்காக ஓர் அளவு பெரிதாக வாங்குவதைவிட, அகலமான வடிவம் உள்ள வேறு மாதிரியைத் தேடுவது நல்லது. மாற்றி வாங்கிய ஷூவை முதல் நாளே முழு ஆட்டத்துக்கு அணியாமல், இரண்டு மூன்று நாள் அரைமணி நேரம் பந்தைத் தட்டிப் பழகுங்கள்.

கேள்வி: ஆடிவிட்டு வந்தால் வீடெல்லாம் கறுப்புத் துகள். ஷூவைக் கழுவி வெயிலில் காய வைக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: அந்தத் துகள்களில் பெரும்பாலானவை பழைய டயர்களை அரைத்து எடுத்தவை. இத்தகைய நுண்நெகிழித் துகள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் தடை விதித்து, விளையாட்டுத் தரைகளுக்கு எட்டு ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறது. ஆகவே, சாக்கடையில் கழுவி விடாமல், மைதானத்தை விட்டு வெளியேறும் முன்பே இரண்டு ஷூக்களையும் ஒன்றோடொன்று தட்டி அங்கேயே உதறிவிடுங்கள். வெயில் கூடாது, சூட்டில் பசை விட்டு அடிப்பாகம் பிரிந்துவிடும். ஈரத்துணியால் துடைத்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, நிழலில் வையுங்கள்.