பாரிஸும் மெய்ப்புத் தாளும்

அன்புள்ள ஐயா,

ஹெமிங்வே, ஜாய்ஸ், ஜேம்ஸ் பால்ட்வின் என்று பாரிஸில் குடியேறிய எழுத்தாளர்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்துவிட்டேன். அடுத்த மாதம் ஐந்து நாள் அங்கே போகிறேன். எந்தெந்தக் கஃபேக்களில் உட்கார வேண்டும்? வேலையை விட்டுவிட்டு ஓராண்டு அங்கே தங்கினால் எனக்கும் எழுத்து வருமா?

க.

அன்புள்ள க.,

கஃபேக்களை எந்த வழிகாட்டி நூலும் சொல்லிவிடும். விடுங்கள். உங்கள் இரண்டாவது கேள்விதான் உறுத்துகிறது. ஊர் எழுதித் தரும் என்ற நம்பிக்கையை யார் உங்களுக்குள் விதைத்தார்கள்? முதல் உலகப் போருக்கு முன் ஒரு டாலருக்கு ஐந்து பிராங்க் (பிரெஞ்சு நாணயம்) சொச்சம். 1926 ஜூலையில் ஐம்பதை நெருங்கியது. கையில் டாலர் இருந்தவருக்கு அந்த ஊர் மலிவு. பிராங்கில் கூலி வாங்கிய பாரிஸ்காரருக்கு அதுவே விலைவாசிக் கொடுமை. அதையும் சேர்த்து வாசியுங்கள். பால்ட்வினை இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். 1948இல் சுமார் 40 டாலருடன் வந்திறங்கிய அந்தக் கறுப்பின எழுத்தாளர் அமெரிக்க நிறவெறியிலிருந்து தப்பி வந்தவர்.

உண்மையில் பாரிஸ் அந்த எழுத்தாளர்களுக்குக் கொடுத்தது அச்சு. ஜாய்ஸின் ‘யுலிஸஸ்’ நாவலின் பகுதிகளை வெளியிட்ட அமெரிக்க இதழின் ஆசிரியர்கள் இருவருக்கும், அவை ஆபாசம் என்று 1921இல் நியூயார்க் நீதிமன்றம் தலைக்கு 50 டாலர் அபராதம் விதித்தது. இங்கிலாந்தில் அச்சிடுபவரும் வழக்கில் சிக்குவார் என்பதால் அச்சகங்கள் கைவிரித்தன. பிரான்சிலோ ஆங்கிலப் புத்தகத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பாரிஸில் ‘ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி’ என்ற புத்தகக் கடை நடத்திய சில்வியா பீச் முன்பதிவு வாங்கி, திஜோன் நகரத்து தாரந்தியேர் அச்சகத்திடம் வேலையைக் கொடுத்தார். மொத்தம் 1000 பிரதிகள்: கையொப்பமிட்ட 100 பிரதி தலா 350 பிராங்க், 150 பிரதி தலா 250, மீதி 750 பிரதி தலா 150.

அங்கே நடந்த வேலையைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். எழுத்து எழுத்தாகக் கையால் கோத்த வரிகள். பிழை பார்க்க அச்சகம் அனுப்பும் மெய்ப்புத் தாளின் ஓரமெங்கும் ஜாய்ஸ் எழுதிச் சேர்த்துக்கொண்டே போனார். நூலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிச் சேர்ந்தது. ஒரு வரியில் நான்கு சொல் நுழைந்தால் வரி வழியும். வழிந்ததை அடுத்த வரிக்குத் தள்ள வேண்டும், அது அதற்கடுத்ததைத் தள்ளும், பத்தி முடியும்வரை ஈய எழுத்துகளைப் பிரித்துப் பிரித்துக் கோக்க வேண்டும். பத்தி நீண்டால் பக்கமும் நகரும். கோத்தவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. பொருளை வைத்துப் பிழையைப் பிடிக்க வழியில்லை. உருவத்தைப் பார்த்தே கோத்தார்கள். ஒன்றைத் திருத்தப்போய் இன்னொன்று முளைக்கும். அதனால்தான் பிழைகளைப் பொறுத்தருளக் கேட்கும் குறிப்பு முதற்பதிப்பிலேயே இருக்கிறது. திருத்தத்துக்கான கூடுதல் கூலியை பீச் ஏற்றார். 1922 பிப்ரவரி 2, ஜாய்ஸின் நாற்பதாவது பிறந்தநாள் காலையில், முதல் இரண்டு பிரதிகள் ரயிலில் வந்து சேர்ந்தன.

உங்களுக்கு எழுதும் ஆசை உண்மையாகவே இருக்கிறது என்று கடிதம் சொல்கிறது. ஆகவே வேலையை விடாதீர்கள். எழுதியதை அச்செடுத்து, ஓரத்தில் நிறைய இடம் விட்டு, திருத்த உட்காருங்கள்.

போனால் ஓதெயோன் தெரு 12ஆம் எண்ணுக்குப் போங்கள். பீச்சின் கடை 1921இலிருந்து அங்கே இருந்தது, 1941இல் மூடப்பட்டது. சுவரில் ஒரு கல்வெட்டு மட்டுமே மிச்சம். சேன் நதிக்கரையில் அதே பெயரோடு கூட்டம் மொய்க்கும் கடை வேறு. 1951இல் வேறொருவர் தொடங்கியது. அங்கே போய் நின்று ஜாய்ஸ் நடமாடிய இடம் என்று நெகிழாதீர்கள்.